எல்லாம் வல்ல துரையும் எல்லைத் தெய்வங்களும்
பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கினை முன்வைத்து ஒரு நோக்கு

பொகவந்தலாவையில், தேயிலை மலைகளின் நடுவே அமைந்த புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், ஒரு கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். மனைவி, புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக உலகறிந்த யூலியா மார்கரெட் கமரன். 1879ஆம் ஆண்டு தை மாதம் இறந்தவர். கணவர், மறுவருடம் இறந்த சார்ள்ஸ் ஹே கமரன். அங்கு செல்வோரிற் பெரும்பாலார் மனைவியின் கல்லறையைத் தேடியே செல்கின்றனர். ஆயின், இலங்கையின் சமூக வரலாற்றைப் பயில்வோர் கணவரின் கல்லறையருகே சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும்.

இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய வந்த ஆணைக்குழுவில் கோல்புறூக்கின் துணைவராய் அமைந்தவர் இந்தக் கமரன். பெந்தாமின் பயன்பாட்டுவாதக் கொள்கையில் ஊறியவர். அதிகாரம் யாரிடம் இருப்பினும் அது சட்டத்துக்குள் அடங்கியே இயங்கவேண்டும் என்பது அச்சிந்தனை மரபின் அடிப்படை. நீதித்துறை பற்றி அவர் அளித்த அறிக்கையின் வழியே 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் பிறந்தது. தீவு முழுமைக்கும் ஒரே நீதியமைப்பு உருவாயிற்று. கட்டாய உழைப்பு முறையான இராசகாரியமும் அவ்வாணைக்குழுவின் பரிந்துரையாலேயே ஒழிந்தது. இத்தகைய ஒருவர் தம் முதுமையில், தம் குடும்பத்துக்கு உரியனவாயிருந்த தோட்டங்களை நாடி மலைநாட்டுக்கு வந்து, இப்பள்ளத்தாக்கிலேயே மண்ணாயினார். அவரது கல்லறையைச் சுற்றி எழுந்த தோட்டங்களிலோ, 'பெரிய துரை' என்ற ஒரு மனிதர், கேள்வி கேட்பாரற்ற வல்லமையுடையவராய் ஒரு நூற்றாண்டு காலம் உலவினார். எல்லையற்ற அதிகாரத்துக்கு எல்லை வகுக்க முயன்ற அறிஞரின் கல்லறை, அத்தகைய அதிகாரம் செழித்த நிலத்திலேயே அமைந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

இம்முரணே நமது விசாரணையின் தொடக்கமாகும். சர்வவல்லமை என்ற கருத்துச் சமயத்தில் எவ்வாறு வகுக்கப்பட்டது? தோட்டச் சமூகத்தில் ஒரு மனிதருக்கு அது எவ்வாறு வாய்த்தது? அதன் கீழ் வாழ்ந்த மக்கள் அதனை உண்மையென ஏற்றனரா? இவ்வினாக்களை ஒன்றோடொன்று இணைத்து நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமய மரபில் வல்லமை

தமிழ்ச் சைவ மரபு இறைவனை எல்லாம் வல்லவன் என்றே கூறும். திருக்குறளின் கடவுள் வாழ்த்தில் வரும் எண்குணங்களுக்குச் சைவாகமத்தின்வழி விளக்கம் தரும் பரிமேலழகர், அவற்றுள் ஒன்றாக முடிவிலாற்றலுடைமையை எண்ணுகின்றார். அப்பட்டியலில் அதற்கு முன்னே நிற்பது பேரருளுடைமை என்பது இங்கு கருதத்தக்கது. ஆற்றல் தனித்து நிற்பதில்லை. அருளோடு சேர்த்தே அது எண்ணப்படுகின்றது. சைவசித்தாந்தத்தின்படி பதியைப் போலவே பசுவும் பாசமும் அநாதியானவை. உயிர்களை இறைவன் படைத்தானல்லன். அவற்றின் வினைக்கேற்ப, அவற்றின் விடுதலையின் பொருட்டே ஐந்தொழில் புரிகின்றான். எனவே இம்மரபில் இறைவனது வல்லமை மனம்போன போக்கன்று. ஒரு முறைமைக்கும் ஒரு நோக்கத்துக்கும் உட்பட்ட வல்லமையாகும்.

திருவிளையாடற் புராணம் கூறும் மண்சுமந்த கதை இதனை மேலும் துலக்குகின்றது. வைகை பெருக்கெடுத்தபோது கரையடைக்கும் பணி வீட்டுக்கொரு பங்காக அளந்து விடப்பட்டது. பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கு ஆளில்லை. இறைவனே கூலியாளாய்க் கூடை சுமந்து வந்தான். கூலியாகப் பிட்டினை உண்டான். வேலையிற் குறைவைத்தான் எனப் பாண்டியனின் பிரம்படியும் பெற்றான். அவ்வடியோ அரசன் உட்பட எல்லா உயிர்கள்மீதும் விழுந்தது. எல்லாம் வல்லவன் கூலியாளின் முதுகைத் தன் முதுகாகக் கொண்டான் என்பதும், பிரம்பை ஓங்கியவனே அடிபட்டான் என்பதும் இக்கதையின் உட்பொருள். அளந்துவிட்ட வேலை, கூடை, கூலி, பிரம்பு ஆகிய நான்கும் தோட்ட வாழ்விலும் நாள்தோறும் காணப்பட்டவை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். சிலப்பதிகாரம் காட்டும் பாண்டியனும் தன் தீர்ப்புப் பிழையென உணர்ந்த கணமே உயிர் துறக்கின்றான். அறத்துக்கு அப்பாற்பட்ட அரசாணையைத் தமிழிலக்கியம் ஏற்றுக்கொண்டதில்லை.

துரைமார் வணங்கிய ஆலயத்திலும் சர்வவல்லமையுள்ள பிதாவின் நாமமே விசுவாசப் பிரமாணத்தில் ஓதப்பட்டது. அவ்வல்லமை இறைவன் ஒருவனுக்கே உரியது என்பது அம்மறையின் போதனை. மனிதர் எவருக்கும் அதிற் பங்கில்லை. 1854ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டத் துரைமார் சங்கம் அமைந்தது. தோட்டத் தமிழரிடையே ஊழியம் செய்யத் தமிழ்க் கூலி மிசன் தொடங்கியதும் அதே ஆண்டிலேயாம். ஒரு கையில் வருமானக் கணக்கும் மறு கையில் வேதமுமாக ஒரு வர்க்கம் இயங்கியது என்று இதனைக் கூறிவிடலாம். ஆயினும், வேதம் விதித்த எல்லை கணக்குப் புத்தகத்தைச் சென்றடையவில்லை என்பதே நமது கவனத்துக்குரியது.

துரையின் வல்லமை உருவான விதம்

ஒரு துரை பிறப்பால் வல்லவரல்லர். அவர் சம்பளத்துக்கு அமர்ந்த ஓர் உத்தியோகத்தர். அவருக்கு மேலே தோட்டத்தைப் பார்வையிடும் முகவர், அவருக்கு மேலே கொழும்பின் ஏசென்சிக் கம்பனி, அதற்கும் மேலே இலண்டனிற் பங்குதாரர் என ஓர் அடுக்கு இருந்தது. தேயிலை விலை வீழ்ந்தால் அவர் தொழிலும் ஆட்டங்கண்டது. எனினும், லயத்திலிருந்து அண்ணாந்து பார்த்தவர் கண்ணுக்கு அம்மேலடுக்குகள் தென்படவில்லை. மலை உச்சியிலிருந்த பங்களா ஒன்றே தென்பட்டது. அங்கிருந்தவரின் வல்லமை நான்கு தூண்களின்மேல் நின்றது.

முதலாவது, சட்டம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், தொழில் ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கியது. முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டுச் செல்லுதலும், வேலை செய்ய மறுத்தலும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாயின. வேறெங்கும் பண நட்டத்துக்கான வழக்காய் முடியக்கூடிய ஒரு விடயம், தோட்டத்திற் சிறைக்கூடத்தில் முடிந்தது. இராசகாரியம் ஒழிந்து ஒரு தலைமுறை கழிவதற்குள், உழைப்பைக் கட்டாயப்படுத்தும் வேறொரு வழி சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றுவிட்டது.

இரண்டாவது, கடன். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து ஆட்களைத் திரட்டிவந்த பெரிய கங்காணியின் முற்பணமே தொழிலாளியின் முதற்கடனாயிற்று. அரிசியின் விலையும் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பும் குழுவின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர் அழைத்துச் செல்லலாம் என எழுதிய சீட்டே 'துண்டு' எனப்பட்டது. அச்சீட்டினாலே மனிதர் கைமாறினர். துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மூன்றாவது, வீடு. லயத்துக் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். தொழிலும் உறைவிடமும் ஒரே கையில் இருந்தன. பேர் வெட்டப்பட்டு, பற்றுச்சீட்டுக் கொடுக்கப்பட்டவனுக்கு வேலை போயிற்று என்பதோடு நில்லாது, அடுப்பெரிக்க இடமும் போயிற்று. தோட்டம் தனியார் நிலமாகையால், அங்கு வரும் உறவினரும் சங்கத்தாரும் அத்துமீறி நுழைந்தோராகக் கருதப்படும் நிலை இருந்தது.

நான்காவது, மொழி. 1915ஆம் ஆண்டில் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பார் துரைமார்க்கென வெளியிட்ட கைந்நூலின் பெயரே 'கூலித் தமிழ்' என்பதாகும். இவ்வகை நூல்களிற் பயிலும் தமிழ் பெரிதும் ஏவலும் வினாவுமாய் அமைந்த தமிழ். வா, போ, எடு, ஏன் வரவில்லை என்பனவே அதன் இலக்கணம். ஆயிரமாண்டுப் பத்தி இலக்கியம் பேசிய ஒரு மொழி, அதிகாரத்தின் வாயில் ஒருமை ஏவலாய்ச் சுருங்கிற்று. மறுபுறத்தில், 'சாமி' என்னும் விளி கோயிலில் ஒலித்தது போலவே பிரட்டுக் களத்திலும் ஒலித்தது.

இந்நான்கும் ஒருங்கு சேர்ந்தபோது உண்டாகிய தோற்றமே துரையின் சர்வவல்லமை. அத்தோற்றத்தை நாள்தோறும் காத்து நின்றவர் இடைநிலையாளர். துரையைத் தொழிலாளி அடிக்கடி காண்பதில்லை. கணக்கப்பிள்ளையையும் கங்காணியையுமே கண்டான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடான் என்ற பழமொழியின் முழுப் பொருளும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் விளங்கிற்று. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இவ்விடத்தையே களமாகக் கொண்டமை தற்செயலன்று. ஒரு பெண்ணின் உழைப்பு அவள் கூடையிற் கண்ணெதிரே இருந்தும், அதன் அளவு மெய்யா பொய்யா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பிறரிடம் இருத்தலே வல்லமையின் நுண்ணிய வடிவமாகும்.

தொழிலாளரின் தெய்வங்கள்

இத்தகைய ஆட்சியின் கீழ் வாழ்ந்த மக்கள், அவ்வாட்சியைப் போன்றதொரு தெய்வத்தை, அதாவது தனித்து நின்று யாவற்றையும் ஆளும் ஒரு தெய்வத்தை, வணங்கியிருப்பர் என நாம் எதிர்பார்க்கலாம். ஆனால் தோட்டங்களின் வழிபாட்டை நோக்கின் வேறொரு காட்சியே புலப்படுகின்றது.

தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் உண்டு. அதனைச் சூழ முனியாண்டி, மாடசாமி, மதுரைவீரன் முதலிய காவற்றெய்வங்கள் உண்டு. இவற்றோடு தாயகத்தில் இல்லாத புதிய தெய்வங்களும் மலையகத்திலே தோன்றின. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் தொழிலுக்குக் கவ்வாத்துச்சாமி. ஆலையின் சக்கரத்துக்கு ரோதைமுனி. ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கப் போர்த்துக்கேயர்வழி வந்த சொல். கூரிய கத்தியும் சுழலும் இயந்திரமும் உயிரைக் குடிக்கக்கூடிய இடங்களிலே, துரையும் ஆலை அதிகாரியும் காவாத இடங்களிலே, தொழிலாளர் தமக்கான காவலைத் தாமே நிறுவிக்கொண்டனர்.

இத்தெய்வங்களின் தன்மை கருதத்தக்கது. இவற்றுள் எதுவும் எல்லாம் வல்லதன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு தொழில் உண்டு. ஒரு நாள் உண்டு. அவற்றோடு மக்களுக்குள்ள உறவு நேர்த்திக்கடன் என்னும் உடன்பாட்டால் அமைந்தது. நீ இதனைச் செய், நான் இதனைச் செலுத்துகின்றேன் என்பதே அதன் சாரம். தெய்வம் தவறினால் அதனைக் கடிந்து பேசும் உரிமையும் அடியாருக்கு உண்டு. தொழில் ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் மட்டுமே தண்டிக்கப்பட்ட காலத்தில், இரு பக்கமும் கட்டுப்படும் ஓர் ஒப்பந்தத்தைத் தொழிலாளர் தம் கோயிலிலே பேணினர். இதனை அவர்கள் கோட்பாடாகச் சொன்னார்கள் என்று நாம் கூறவில்லை. அவர்கள் வழிபட்ட முறையே அதனைக் காட்டுகின்றது என்கின்றோம்.

மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்து இதற்கு மேலுமொரு சான்று. தவத்தில் அமர்ந்த சிவன்மீது மலரம்பு எய்யுமாறு தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர். ரதி தடுக்கின்றாள், கேளாது செல்கின்றான், நெற்றிக்கண் திறக்க எரிந்து சாம்பலாகின்றான். மேலிடத்தின் ஏவலால் வேலைக்குச் சென்றவன் மேலிடத்தின் சினத்துக்கே இரையாகும் கதை இது. இதனோடு கதை முடிந்திருந்தால், அது எல்லாம் வல்லவனின் வெற்றிக் கதையாகவே நின்றிருக்கும். ஆனால் கூத்தின் உயிர்நிலை ரதியின் புலம்பலில் இருக்கின்றது. பொட்டலில் இரவு முழுதும் கூடியிருக்கும் மக்களின் நெஞ்சம் எரித்தவன் பக்கமன்று, எரிந்தவன் பக்கமே சாய்கின்றது. இறுதியிற் காமன் உயிர்பெற்று எழுகின்றான். தஞ்சைப் பகுதியிற் சிறந்து விளங்கிய இலாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு கட்சிகள் நின்று, காமன் எரிந்தானா இல்லையா என வாதிடும் மரபும் உண்டு. நெற்றிக்கண்ணின் வெற்றியைக்கூட வழக்காடி மறுக்கலாம் என்பது எளிய மக்களின் கலைமரபு கண்ட துணிபு.

ஆகவே, அஞ்சிப் பணிந்த மக்களைக் கொண்டு துரையின் வல்லமையை அவர்கள் மனமார ஏற்றனர் எனக் கொள்ளுதல் தவறாகும். பணிவு பிரட்டுக் களத்துக்குரியது. தீர்ப்பு காமன் பொட்டலுக்குரியது.

வல்லமை உடைபட்ட காலம்

இத்தீர்ப்பு அரசியல் மொழியைப் பெறுவதற்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், 1931ஆம் ஆண்டில் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். புடவை வியாபாரி போன்று வேடமிட்டு அவர் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று சொல்லப்படும் செய்தி, அத்துமீறல் விதி எவ்வளவு வலிமையுடன் இயங்கிற்று என்பதற்கும் சான்றாகும். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டுகள் இயற்றிப் பாடி மக்களிடையே பிரசாரம் செய்தார். துரையின் ஏவற்றமிழுக்கு எதிரே, உரிமையைப் பேசும் தமிழ் தோட்டத்துக்குள் ஒலிக்கத் தொடங்கிற்று.

1937ஆம் ஆண்டில் மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றிற் சின்னத்துரையாகப் பயிற்சி பெற வந்திருந்த மார்க் அந்தனி பிரேஸ்கேடில், தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். அவரை நாடுகடத்துமாறு தேசாதிபதி ஆணையிட்டார். உயர்நீதிமன்றம் அவ்வாணை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. தேசாதிபதி எடுத்தாண்ட அதிகாரம் போர், கலகம் போன்ற நெருக்கடி வேளைக்கே உரியது என்பது தீர்ப்பின் சாரம். பொகவந்தலாவையில் உறங்கும் கமரன் நூறாண்டுக்கு முன் வரைந்த நீதியமைப்பின் பயன் அன்று வெளிப்பட்டது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. நீதிமன்றக் கதவு திறந்தது ஒரு வெள்ளையருக்காக. 1940ஆம் ஆண்டு தை மாதம் முல்லோயாத் தோட்டத்தில், சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். வல்லமையின் எல்லையைத் தொழிலாளர் உயிர் கொடுத்தே அளந்தனர்.

துரையின் வல்லமை தளரத் தொடங்கிய அதே வேளையில் அதனினும் பெரிய வல்லமையொன்று எழுந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். மறுவருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அவர்களைத் தெரிந்தனுப்பிய மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் முடிவு செய்யப்பட வேண்டியோர் எனப் பங்கிட்டது. அம்மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. எந்தத் துரையாலும் ஒரு தோட்டத்திலிருந்தே பேர் வெட்ட முடிந்தது. அரசு ஒரு நாட்டிலிருந்தே பேர் வெட்டியது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. எனினும் தொழிலாளி நிலமுடையவனாகவில்லை. 1977ஆம் ஆண்டு வைகாசியில், தோட்டக் காணிகள் பிரித்தெடுக்கப்படுவதை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்துச் சிவனு இலட்சுமணன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். 1992ஆம் ஆண்டில் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியதாயிற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இதுவே: சர்வவல்லமை என்பது எந்த மனிதரின் இயல்புமன்று. சட்டம், கடன், வீடு, மொழி ஆகியவை ஒரு கையிற் குவியும்போது உண்டாகும் தோற்றம் அது. குவிந்தவற்றைப் பிரித்தால் அது மறையும். தண்டனைச் சட்டம் ஒழிந்தது, துண்டு ஒழிந்தது, கூலித்தமிழை இன்று எவரும் அச்சிடுவதில்லை. எஞ்சி நிற்பது மூன்றாவது தூண், வீடு. லயத்துக் காம்பிராக்கள் பல இன்றும் தோட்டத்தின் உடைமையே. தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த வாசற்படிக்கு உறுதி கிடையாது. 2021ஆம் ஆண்டு பங்குனியில் நாளொன்றுக்கு 1000 ரூபா சம்பளத்தை அரசு வர்த்தமானியில் அறிவித்தபோது, கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. முன்னர் முறையிடப் பங்களாவின் வாசல் என்று ஓரிடமாவது இருந்தது. இன்று தோட்டம் கம்பனியையும், கம்பனி அரசையும், அரசு கம்பனியையும் சுட்டிக்காட்டும் நிலையில், வல்லமை முகமிழந்து நிற்கின்றது. முகமில்லாத வல்லமையோடு நேர்த்திக்கடன் பேசவும் இயலாது.

சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிப் பின் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழுக்கு வந்த கவிதையின் மையத் துயரம், தேயிலைக்கு உரமாகிப்போன முன்னோருக்கு நினைவுச் சின்னமொன்றும் இல்லை என்பதாகும். பொகவந்தலாவையில் இவ்வுண்மை கண்ணெதிரே தெரிகின்றது. சட்டத்தின் எல்லையை எழுதியவருக்குக் கல்லறை உண்டு. அவ்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் பெயரின்றித் தேயிலையின் அடியில் உறங்குகின்றனர். அவர்களின் வழித்தோன்றல்களுக்குத் தாம் வாழும் மண்ணில் எழுத்து மூலமான உரிமை வாய்க்கும் நாளிலேயே, கமரன் தொடங்கிய வேலை இப்பள்ளத்தாக்கில் முற்றுப்பெற்றதாகும். அதுவரை, எல்லாம் வல்லவரென எவரையும் ஏற்காது, தெய்வத்துக்கும் எல்லை வகுத்து வணங்கிய அம்மக்களின் வழிபாட்டு மரபை, மூடநம்பிக்கையென ஒதுக்காது, ஓர் அரசியற் சிந்தனையின் கருவாக ஆராய்தல் நம் கடமையாகும்.